பிளானோ, ஃபிரிஸ்கோ பக்கம் மூன்று பெட்ரூம் வீடு யாரிடமாவது காலியாக இருக்கிறதா?

என் மகளின் டேகேர் டீச்சருக்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். இன்றோடு 101 நாள். இன்னும் 19 நாள்தான் இருக்கிறது, அதற்குள் வீடு அமையவில்லை என்றால் நான்கு வருடம் காத்திருந்து வாங்கிய அரசு வாடகை உதவி வவுச்சர் அவர் கையைவிட்டுப் போய்விடும். பதிவு கொஞ்சம் நீளம்தான். டல்லாஸ் பக்கம் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் நம் ஆட்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள், உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

அவர் பெயரை இங்கே போடவில்லை, டீச்சர் என்றே சொல்கிறேன். என் மகளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். கறுப்பினப் பெண்மணி, டெக்சஸிலேயே பிறந்து வளர்ந்தவர். காலை ஏழு மணிக்கு நாங்கள் குழந்தையை அவரிடம் விட்டால் மாலை ஆறு மணிக்குத்தான் திரும்ப வாங்குகிறோம். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தமிழ், தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் என்பதால் 'போதும்', 'தண்ணி', 'அம்மா வருவாங்க' எல்லாம் அவருக்குத் தெரியும். என் மகள் முதல் வாரம் முழுக்க அழுதபோது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு 'அம்மா வருவாங்க, அம்மா வருவாங்க' என்று சொல்லிக்கொண்டே நடந்தவர் இவர்தான். 12 வயதில் ஒரு மகன், 7 வயதில் ஒரு மகள். கணவர் இல்லை. வேலைக்கு வர தினமும் முக்கால் மணி நேரம் கார் ஓட்டுகிறார்.

இவரிடம் இருப்பது செக்‌ஷன் 8 வவுச்சர். இங்கே பத்து வருடம் இருப்பவர்களுக்குக்கூட இது என்னவென்று சரியாகத் தெரிவதில்லை, எனக்கும் தெரியாது, இந்த நூறு நாளில்தான் கற்றுக்கொண்டேன். 1974-இல் வந்த வீட்டுவசதிச் சட்டத்தில் தொடங்கியது. அரசு வீடு கட்டித் தருவதற்குப் பதிலாக, குடும்பமே வெளியில் தனியார் வீடு ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம், தங்கள் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகையாகக் கொடுத்தால் போதும், மீதியை ஒரு வரம்பு வரை உள்ளூர் ஹவுசிங் அத்தாரிட்டி (இந்த வவுச்சர்களை நடத்தும் அரசு அமைப்பு) மாதாமாதம் ஓனரின் கணக்கில் போட்டுவிடும். நாடு முழுக்க ஏறக்குறைய 23 லட்சம் குடும்பங்கள் இதில் இருக்கின்றன. ஆனால் வாடகை உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் நாலில் ஒன்றுக்குத்தான் ஏதோ ஒரு உதவி கிடைக்கிறது, மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில் நிற்கிறார்கள், பல ஊர்களில் அந்தப் பட்டியலே மூடிக் கிடக்கிறது. அதனால் டீச்சருக்கு அந்தக் கடிதம் வந்த நாளில் நாங்கள் எல்லோரும் கேக் வெட்டினோம். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

வேலை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

கடிதம் வந்த நாளிலிருந்து 60 நாள் அவகாசம். பிறகு எழுதிக் கேட்டதில் இன்னும் 60 நாள் கொடுத்தார்கள். டீச்சர் வேலை நேரத்தில் போன் பேச முடியாது என்பதால் விளம்பரங்களைப் பார்த்து அழைக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், இதுவரை 64 அழைப்பு. முதல் வாரம் நான் செய்த தப்பு, வவுச்சர் என்று எடுத்ததுமே சொன்னது. அடுத்த வாரம் முதலில் வீட்டைப் பற்றி விசாரித்து, காலியாக இருக்கிறது, சனிக்கிழமை வந்து பாருங்கள் என்று அவர்கள் சொன்ன பிறகு வவுச்சரைச் சொன்னேன். இதுவும் அதே இடத்தில்தான் போய் நின்றது. 'ஒரு நிமிடம்' என்று போய்விட்டு வந்து 'சாரி, நேற்றே ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்' என்பார்கள். அந்த விளம்பரம் மூன்று வாரம் கழித்தும் அப்படியே இருக்கும்.

சில பேர் நேராக மறுக்க மாட்டார்கள், விதியைக் காட்டுவார்கள். மாத வருமானம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பார்கள். 2,400 டாலர் வாடகை வீட்டுக்கு 7,200 டாலர் சம்பளம். டீச்சர் வாங்குவது 2,200. அவர் கையிலிருந்து கொடுக்க வேண்டியதோ 640 டாலர் போலத்தான், அதற்கு மூன்று மடங்குக்கு மேல் சம்பளம் இருக்கிறதே என்றால், 'எங்கள் பாலிசி முழு வாடகைக்குத்தான்' என்று பதில் வரும். மாதம் 7,200 சம்பாதிக்கிறவர் வவுச்சருக்கு ஏன் நிற்கப்போகிறார்? இதற்கு நடுவே ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் 50, 75 டாலர் என்று ஃபீஸ் வேறு, திரும்பி வராத காசு. ஐந்து இடத்தில் கட்டிவிட்டு ஆறாவதில் டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாடகை அந்த வரம்பைத் தாண்டினால் மிச்சத்தைத் தானே போட்டுக்கொள்கிறேன் என்று அவர் சொன்னாலும் ஓரளவுக்கு மேல் முடியாது, ஒரு வீட்டைப் புதிதாக எடுக்கும்போது அவர் பங்கு வருமானத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இவர் கணக்கில் சுமார் 850 டாலர். ஒரு நல்ல வீடு, ஓனர் அம்மாவும் சம்மதித்துவிட்டார், 90 டாலர் வித்தியாசத்தில் கைநழுவிப் போனது. அன்றைக்கு டீச்சர் என் காரிலேயே கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

சரி, இப்போது நம் விஷயம்.

எழுபதாவது நாள் போல, நம் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பிளானோ, ஃபிரிஸ்கோ, மெக்கின்னி பக்கம் இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர்கள் அதில் நிறைய. எப்போதும் வீடு காலி என்று ஒருவர் போட்டால் பத்து நிமிடத்தில் இருபது பேர் கேட்கும் குழு அது. டீச்சரைப் பற்றி எழுதி, அந்த டேகேர் பெயரையும் சொல்லிக் கேட்டேன். இரண்டு நாள் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாவது நாள் தனியாக ஒரு தம்பி எழுதினார்: 'அக்கா, நம்ம ஆளுங்களுக்குன்னா சொல்லுங்க, உடனே தரேன்.' இன்னொருவர் போனில் பேசினார், நல்ல மனிதர்தான், 'எனக்கு ஒண்ணும் இல்லைங்க, பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க' என்றார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் டீச்சரிடம் வளர்ந்தவர்கள்.

'நம்ம ஆளுங்க' என்ற அந்த வார்த்தையைப் படித்ததும் எனக்கு 2008 ஞாபகம் வந்தது. சென்னையில் முதல் வேலை. அப்பா ஊரிலிருந்து வந்து என்னோடு வீடு தேடினார். மாம்பலம், நங்கநல்லூர், ஆதம்பாக்கம் என்று அலைந்தோம். கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வைத்து 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்பார்கள், கொஞ்சம் நாசூக்கானவர்கள் 'நான்-வெஜ் சாப்பிடுவீங்களா?' என்பார்கள். அப்பா 31 வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். அந்தக் கேள்விக்குப் பிறகு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார், தாம்பரம் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. உங்களில் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒரு கதை இருக்கும். அந்த வாசலில் நின்ற நாம் இன்றைக்கு வாசலுக்கு உள்ளே இருக்கிறோம்.

சட்டப்படி மறுக்கலாமா என்றால், டெக்சஸில் மறுக்கலாம். 1968-இன் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் இனம், மதம், நாடு பார்த்து மறுப்பதைத் தடுக்கிறது, வாடகைப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி அதில் இல்லை. மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் வவுச்சரைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கின்றன. இங்கே ஆஸ்டின் நகரம் 2014-இல் அப்படி ஒரு விதி கொண்டுவந்தது, அடுத்த வருடமே எந்த நகரமும் அப்படிச் செய்யக் கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டுவிட்டது. 2018-இல் அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் ஐந்து ஊர்களில் சோதித்துப் பார்த்ததில், நமக்குப் பக்கத்து ஃபோர்ட் வொர்த்தில் 78 சதவீத ஓனர்கள் வவுச்சரை மறுத்தார்கள். மறுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கும் வாஷிங்டன் டி.சி.யில் 15 சதவீதம். டென்டன் கவுண்டியில் பிராவிடன்ஸ் வில்லேஜில் 2022-இல் வீட்டு உரிமையாளர் சங்கமே வவுச்சர் குடும்பங்கள் இருக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது, பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள். 2023-இல் மாநிலமே அதைத் தடுத்துச் சட்டம் போட வேண்டியதாயிற்று. ஆகவே வவுச்சர் என்பதால் சங்கம் விடாது என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. தனி ஓனர் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் இன்றைக்கும் ஒன்றும் செய்ய முடியாது, அது அவரவர் மனசு. அதனால்தான் சட்டம் பேசாமல் உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள் தயக்கத்தில் நியாயமான பகுதியும் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. படிவங்கள் இருக்கின்றன, ஹவுசிங் அத்தாரிட்டி வீட்டைப் பார்வையிடும் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து முதல் பணம் வருவதற்கு சில வாரம் ஆகலாம், அதுவரை வீடு சும்மா கிடக்கும். இது உண்மையான நஷ்டம், ஹவுசிங் அத்தாரிட்டிகள் இதைச் சரிசெய்யாமல் ஓனர்களை மட்டும் குறை சொல்வது தப்பு. ஆனால் இன்ஸ்பெக்‌ஷனைக் கண்டு பயப்படாதீர்கள். புகை அலாரம் அடிக்கிறதா, சுடுதண்ணீர் வருகிறதா, ஜன்னல் பூட்டுகிறதா போன்றவைதான், பத்து வருடத்துக்குள் கட்டிய வீட்டில் இதில் என்ன குறை இருக்கப்போகிறது. வீட்டைக் கெடுத்துவிடுவார்களோ என்று கேட்டவர்களுக்கு: மற்றவர்களை விசாரிப்பது போல இவரையும் விசாரியுங்கள், பழைய ஓனரிடம் பேசுங்கள், டெபாசிட் வாங்குங்கள். ஒப்பந்தத்தை மோசமாக மீறினால் இவருக்கு வீடு மட்டும் போகாது, நான்கு வருடம் காத்து வாங்கிய வவுச்சரே போகும். அப்படிப்பட்டவர் உங்கள் சுவரில் ஆணி அடிக்கக்கூடக் கேட்டுத்தான் அடிப்பார். வேலை போனால்? அவர் பங்கு குறைந்து அரசின் பங்கு கூடும், உங்களுக்கு வரும் வாடகை அதேதான். ஐடி வேலை போன குடித்தனக்காரரிடம் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

பணம் பத்தாது என்றும் சிலர் சொன்னார்கள். டல்லாஸில் ஒரு வழக்குக்குப் பிறகு 2011-இலிருந்து வவுச்சரின் மதிப்பை ஜிப் கோடு வாரியாகக் கணக்கிடுகிறார்கள், வாடகை கூடின பகுதிக்குக் கூடுதல் தொகை. அதாவது நல்ல பள்ளிக்கூடம் இருக்கும் இடத்துக்கும் இந்தக் குடும்பங்கள் வரட்டும் என்றே அப்படி மாற்றினார்கள்.

ஏன் இந்தப் பகுதிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறேன் என்றால், ஹார்வர்டில் இருக்கும் பொருளாதார நிபுணர் ராஜ் செட்டியின் ஆய்வு. தமிழ்நாட்டுக் குடும்பத்தில் வந்தவர், நாம் எல்லோரும் பெருமையாகப் பேசுகிறவர். 1994-இலிருந்து ஐந்து நகரங்களில் சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களை வைத்து அரசு ஒரு சோதனை நடத்தியது, குலுக்கலில் சிலருக்கு வறுமை குறைந்த பகுதியில் மட்டும் செல்லும் வவுச்சர் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு என்ன ஆனார்கள் என்று அவரும் நேதனியேல் ஹென்ட்ரனும் லாரன்ஸ் கேட்ஸும் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். 13 வயதுக்கு முன்னால் இடம் மாறிப் போன பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். அதற்கு மேல் வயதில் போனவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை.

டீச்சரின் மகனுக்கு அடுத்த மார்ச்சில் 13 முடிகிறது. கணக்கில் கெட்டிக்காரன், என் மகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

மூன்று பெட்ரூம் வேண்டும். தனி வீடோ டவுன்ஹவுஸோ எதுவானாலும் சரி. பிளானோ, ஃபிரிஸ்கோ, ஆலன், மெக்கின்னி. வாடகை 2,400 வரை, ஐம்பது நூறு கூட இருந்தாலும் சொல்லுங்கள், கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். நாய், பூனை இல்லை. புகைப்பழக்கம் இல்லை. டெபாசிட் பணம் தயாராக இருக்கிறது, எங்கள் டேகேர் அம்மாக்கள் நாலு பேர் சேர்ந்து வைத்திருக்கிறோம். படிவங்களை நான் வந்து உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன், இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு லீவு போட்டு வீட்டில் இருக்கிறேன். வீடு இல்லாதவர்கள், வீடு வைத்திருக்கும் ஒருவருக்கு இதை அனுப்புங்கள். இன்பாக்ஸில் எந்த நேரமானாலும் எழுதுங்கள், ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் பார்ப்பேன்.