கனசோ மரத்துக்கு நாம் பட்ட கடன்

பர்மாவின் ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தில் இருக்கும் எங்கள் வயலின் தென்கோடியில் ஏர் ஓட்டும்போது கொழு சட்டென்று முட்டி நிற்கும் இடம் ஒன்று உண்டு. மண்ணுக்குள் ஒரு பழைய மரத்தின் அடிக்கட்டை கிடக்கிறது. கறுத்து, இரும்புபோல் இறுகிய அதைப் பெயர்க்கத் தாத்தா இரண்டு முறை முயன்று கைவிட்டார். அது கனசோ மரம். வங்காளத்தில் சுந்தரி என்கிறார்களே, அதே மரம்.

ஐராவதிக் கழிமுகத்தில் நெல்லுக்கு முன்னால் இருந்தது இத்தகைய மரங்களின் காடுதான். 1852 போரில் கீழ்ப் பர்மா, அதாவது நாட்டின் தெற்குக் கடலோரப் பகுதி, ஆங்கிலேயர் கைக்குப் போனது; 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி ஏற்றுவது எளிதாயிற்று; செட்டியார்களின் கடன் பணத்தாலும், பர்மிய உழவர்களின் உழைப்பாலும், நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம் முன்னோர்களின் உழைப்பாலும் காடு வயலாக மாறியது. 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. இந்த வரலாற்றை நம் பெரியவர்கள் பெருமையோடு சொல்வார்கள். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் வெட்டப்பட்ட காட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

வடக்கே காச்சின் மலைக்காடுகளில் பெய்யும் பருவமழையை மரங்களின் வேரும் சருகும் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக விடுவதாலும், பனிமலைகளில் உருகும் நீராலும், மியிட்சோன் என்ற இடத்தில் மாலி, ன்மாய் என்னும் இரு ஆறுகள் கூடி ஐராவதியாகும் இந்த ஆறு கோடையிலும் வற்றாமல் கடல் வரை 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவருகிறது. ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கும் அதிகமான வண்டலை அது சுமந்து வருகிறது. கழிமுகத்தின் அலையாத்தி மரங்கள் அந்த வண்டலைத் தம் மூச்சு வேர்களில் தேக்கிக் கரையாக்குகின்றன. இறால் குஞ்சும் நண்டும் அந்த வேர்களுக்கிடையே வளர்கின்றன. பர்மியர் ஙாதலவ் என்றழைக்கும் உல்லம் மீன் கடலிலிருந்து ஆற்றை எதிர்த்தேறி முட்டையிடப் போகிறது. அம்மா அதை மண்சட்டியில் புளி ஊற்றி, முள் கரையும் வரை, காலையில் அடுப்பேற்றி மாலையில்தான் இறக்குவார். இப்போது சந்தையில் அந்த மீன் சிறுத்துவிட்டது, விலையோ கைக்கெட்டாத உயரத்தில் இருக்கிறது.

2008 மே 2ஆம் தேதி இரவு நர்கிஸ் புயல் கரையேறியது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் சேர்ந்து ஏறத்தாழ 1,38,000 பேர். அன்றிரவு மரத்தைக் கட்டிப்பிடித்து விடியும்வரை தொங்கி உயிர்பிழைத்தவர்களோடு நான் பேசியிருக்கிறேன். மரமே இல்லாத வெளியில் அவர்களுடைய உறவினர்களுக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை.

ஆகவே மேலே இருக்கும் காட்டையும் கீழே இருக்கும் காட்டையும் ஒன்றாகக் காக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. 6,000 மெகாவாட் மின்சாரத்துக்காக மியிட்சோனில் திட்டமிடப்பட்ட அணையை அப்போதைய அதிபர் தெய்ன் செய்ன் 2011 செப்டம்பர் 30 அன்று நிறுத்திவைத்தார். அந்த நிறுத்தம் நிரந்தரமாக வேண்டும். அணைக்குப் பின்னால் வண்டல் தங்கிவிட்டால் கழிமுகத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், உப்பு நம் வயலுக்குள் ஏறிவிடும். ஆற்றின் தலைப்பகுதியில் தங்கத்துக்காகப் படுகையைக் கிளறிப் பாதரசம் கலப்பதும் நிற்க வேண்டும்.

நம்மால் ஆவதும் உண்டு. சிதம்பரத்தில் தல விருட்சமாக நாம் கைகூப்பும் தில்லை மரம், இங்கே நம் ஓடைக்கரைகளில் தானாக முளைக்கிறது. அதையே விறகுக்கு வெட்டுகிறோம். திருவிழாச் செலவில் ஒரு சிறு பங்கை ஒவ்வொரு கோயிலும் கரையில் மரம் வளர்க்க ஒதுக்கினால் அதுவும் இறைபணிதான்.

எங்கள் ஓடையோரம் பத்தடி அகலத்தை உழாமல் விட்டிருக்கிறோம். தோணியின் அடிப்பகுதிபோல் முதுகில் வரம்பு கொண்ட கனசோக் காய்கள் நீரில் மிதந்து வரும். சென்ற ஆண்டு பொறுக்கி ஊன்றியதில் பதினேழு கன்றுகள் நிற்கின்றன. காய் வேண்டுவோர் மழைக்காலத்தில் எனக்கு எழுதுங்கள், எடுத்து வைக்கிறேன்.