கொடிசியா மைதானத்தில் என் முதல் கச்சேரி
அதே பாட்டு போனிலேயே இருக்கும்போது காசு கொடுத்துக் கச்சேரிக்குப் போவது வீண் என்று கட்டுரையில் எழுதியிருக்கீங்க, எனக்கு அதில் உடன்பாடு இல்லைங்க. நான் கோபி பக்கம் ஒரு கிராமம். கோவையில் கல்லூரி சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, விடுதித் தோழிகள் கொடிசியா மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். இருந்ததிலேயே குறைந்த விலை டிக்கெட், மேடையிலிருந்து 150 மீட்டராவது இருக்கும். டிரம்ஸ்காரர் குச்சி கீழே இறங்குவது முதலில் தெரிந்தது, சத்தம் அப்புறம்தான் வந்தது! ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் பறைக்குப் பக்கத்தில் நின்றால் நெஞ்சுக்கூடு அதிருமே, அந்த அதிர்வு அவ்வளவு தூரத்திலும் இருந்தது, போனில் அது எங்கே வரும்? பாடகர் மைக்கை எங்கள் பக்கம் நீட்டினதும், பெயர்கூடத் தெரியாத ஒரு அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு பல்லவியைப் பாட, அதுவரை வீட்டு நினைப்பில் தினமும் ராத்திரி அழுதுகொண்டிருந்த நானும் தொண்டை கட்டும் வரை பாடினேன். திரும்பும்போது பஸ் இல்லை, அவிநாசி ரோட்டில் பீளமேடு வரைக்கும் அதையே பாடிக்கொண்டு நடந்தோம்.