ரிப்பன் வெட்டிய பிறகு யார் பெருக்குவது?

நான் தினமும் வேலைக்குப் போகிற வழியில் ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. திறந்த புதிதில் பச்சைப் பெயிண்ட் பளபளத்தது. இப்போது அதில் உடைந்த கண்ணாடி, ஜல்லி, மக்கிய இலை, எந்தக் காரிலிருந்தோ கழன்று விழுந்த ஒரு வீல் கப். யாரும் வேண்டுமென்றே கொண்டுவந்து கொட்டவில்லை. கார்கள் ஓடுகிற தடத்தை அவற்றின் டயர்களே சுத்தம் செய்துவிடும். சிதறுகிற கல்லும் கண்ணாடியும் ஓரத்தில் ஒதுங்கும். ஓரத்தில்தானே நாம் இருக்கிறோம்! சைக்கிள் டயருக்கு எதையும் தள்ளிவிடுகிற பலம் கிடையாது, பஞ்சர் ஆகத்தான் தெரியும்.

சரி, பெருக்குகிற வண்டி வராதா என்றால், அந்த வண்டி பாதையைவிட அகலம். உள்ளே நுழையாது. குறுகலான வண்டி வாங்கவேண்டும், அதை ஓட்ட ஒரு ஆள் வேண்டும், அவருக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். பாதை போட வந்த பணமோ ஒரே தடவை வருகிற திட்டப்பணம். அதில் சம்பளத்துக்கு இடமில்லை.

சைக்கிளுக்கும் நடைக்கும் அரசு பணம் ஒதுக்குவது பற்றி எனக்குள்ள முதல் கோபமே இதுதான். தொகை போதவில்லை என்று எல்லோரும் சொல்கிறோம், அது உண்மையும்கூட. போக்குவரத்து பட்ஜெட்டில் 20 விழுக்காடாவது நடைக்கும் சைக்கிளுக்கும் போகவேண்டும் என்று ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பு 2016-லேயே சொல்லிவிட்டது. பெரும்பாலான நாடுகளில் கிடைப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனால் அந்தப் பொரியாவது அடுத்த வருடமும் வருமா என்று தெரியாமல் இருப்பதுதான் இன்னும் பெரிய கேடு.

இங்கிலாந்தைப் பாருங்கள். 2020-இல் கொரோனா காலத்தில், ஐந்து ஆண்டுகளுக்கு 200 கோடி பவுண்டு என்று அறிவித்தார்கள். முதல் தவணையை வாங்கிய உள்ளாட்சிகள் சில வாரங்களுக்குள் ஏதாவது செய்து காட்டவேண்டிய நெருக்கடி. மக்களிடம் பேச நேரமில்லை, பிளாஸ்டிக் கம்பங்களை நட்டுப் பாதை போட்டார்கள். லண்டனில் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் போட்ட பாதை ஏழு வாரம்தான் இருந்தது, அதே ஆண்டு டிசம்பரில் பிடுங்கிவிட்டார்கள். போட்டதற்கும் செலவு, பிடுங்கியதற்கும் செலவு. 2022-இல் இதற்கென்றே ஒரு தனி அமைப்பு தொடங்கி, ஒலிம்பிக் சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வென்ற கிறிஸ் போர்ட்மேனைத் தலைமையில் உட்கார வைத்தார்கள். நல்ல தேர்வுதான். மறு ஆண்டு மார்ச்சிலேயே நிதியில் பெரிய வெட்டு. 2025-க்கு வைத்த இலக்குகளை எட்டுகிற பாதையில் அரசு இல்லை என்று நாட்டின் தணிக்கை அலுவலகம் ஜூனில் எழுதியது. எப்படி எட்டும்? ஒரு வீதியை அளந்து, கடைக்காரர்களோடு பேசி, வரைபடம் போட்டு, டெண்டர் விட்டு முடிக்கவே இரண்டு மூன்று வருடம் ஆகும் வேலை இது.

பக்கத்திலேயே அயர்லாந்து. அதே 2020-இல் ஆட்சிக்கு வந்த கூட்டணி, போக்குவரத்து மூலதனச் செலவில் 20 விழுக்காடு நடைக்கும் சைக்கிளுக்கும், ஆண்டுக்கு 36 கோடி யூரோ, ஆட்சிக்காலம் முழுவதற்கும் என்று எழுதி வைத்தது. எனக்குப் பிடித்தது அந்தத் தொகைகூட இல்லை. உள்ளாட்சிகளில் இந்த வேலைக்கென்று 200-க்கும் மேற்பட்ட பணியிடங்களுக்குப் பணம் கொடுத்தார்கள் பாருங்கள், அதுதான். வேலை தெரிந்த ஆள் இல்லாத அலுவலகத்துக்குக் கோடிகளை அனுப்பினால் அவை வந்த வழியே திரும்பும், இல்லாவிட்டால் பச்சைப் பெயிண்டாக மாறும்.

"போட்ட பாதையிலேயே யாரும் போகக் காணோம், இதில் இன்னும் எதுக்குக் காசு?" என்று கேட்கிறவர்களை நான் திட்டமாட்டேன். அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். நெதர்லாந்திலேயே பாதை போட்டும் எதிர்பார்த்த பலன் வராமல் போயிருக்கிறது. 1970-களின் நடுவில் தி ஹேக், டில்பர்க் நகரங்களில் அரசு பணத்தில் ஊருக்கொரு அருமையான சைக்கிள் வழி போட்டார்கள். அந்த வழியில் கூட்டம் கூடியது, ஊர் மொத்தத்தில் சைக்கிள் ஓட்டுவது பெரிதாகக் கூடவில்லை. ஏனென்றால் அந்த ஒரு சாலையில் குடியிருந்து அதே சாலையில் வேலை பார்ப்பவர் எத்தனை பேர்? பிறகு டெல்ஃப்டில் துண்டு துண்டாகக் கிடந்த பாதைகளைப் பாலம், சுரங்கவழி எல்லாம் போட்டு ஒரே வலையாகக் கோத்தபோதுதான் ஊரளவில் கணக்கு ஏறியது.

ஸ்பெயினின் செவில் நகரம் இந்தப் பாடத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. 2006-க்குப் பிறகு கொஞ்ச காலத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டருக்கு, கார்களிலிருந்து தடுப்பு வைத்துப் பிரித்த பாதைகளை ஒன்றோடொன்று இணையும்படி போட்டார்கள். ஆயிரக்கணக்கான கார் நிறுத்துமிடங்கள் போயின, கூச்சலும் இருந்தது. செலவு மூன்றேகால் கோடி யூரோ அளவில். ஒரு சில கிலோமீட்டர் விரைவுச்சாலைக்கு ஆகும் பணம் அது. சைக்கிளே இல்லாத ஊர் என்று பெயர் வாங்கியிருந்த இடத்தில் சில ஆண்டுகளிலேயே சைக்கிள் பயணங்கள் பல மடங்காயின.

'சைக்கிள்காரன் வரி கட்டுகிறானா, அவனுக்கு எதுக்கு அரசுப் பணம்' என்று சிலர் கேட்பார்கள், அந்தக் கேள்விக்கு இங்கே அதிகம் வார்த்தைகளைச் செலவழிக்கப் போவதில்லை. கட்டுகிறேன். அடுத்து.

எங்கள் பாதைக்கு வருகிறேன். அது ஒரு பெரிய சந்திப்புக்கு நாற்பதடி முன்னால் சட்டென்று முடிந்துவிடும், மிக ஆபத்தான இடத்தில் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். முடிகிற இடத்தில் மழைநீர் வடிகாலின் இரும்பு மூடி. அதன் இடுக்குகள் நாம் போகிற திசையிலேயே நீளவாக்கில் இருக்கின்றன, முன்சக்கரம் கச்சிதமாக உள்ளே இறங்கும். மூடியைக் கழற்றிக் குறுக்குவாட்டில் திருப்பிப் போட்டால் முடிந்தது. இரண்டு பேர், ஒரு கடப்பாரை, அரை மணி நேரம். மனு கொடுத்துப் பார்த்தேன். 'அடுத்த கட்டப் பணியில் சேர்க்கப்படும்' என்று பதில் வந்தது. அடுத்த கட்டத்துக்கு நிதி வரவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் அந்த இடுக்கில் ஒரு குச்சியைச் செருகி, நுனியில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறார். மழையில் துணி வெளுத்துவிட்டது. போன வாரம் வேறு துணி கட்டியிருந்தது.