வீட்டில்தான் வைஃபை இருக்கே தம்பி!

"லைவ்தானே, போனைத் தூக்கிக் காட்டினா முடிஞ்சுது" என்று இனி யாராவது சொல்லட்டும், அந்தப் போனை அவர் கையிலேயே திணித்துவிட்டு நான் காரைக்குடிக்கு பஸ் ஏறிவிடுவேன்.

நேற்று கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீடு, கல்யாணத்தை யூடியூப்பில் லைவ் ஓட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசியவர் பெண்ணுக்குச் சித்தப்பா. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இருக்கிற பங்காளிகள் எல்லாரும் பார்க்க வேண்டுமாம், படம் பளிச்சென்று இருக்க வேண்டுமாம், நடுவில் சுற்றிக்கொண்டு நிற்கவே கூடாதாம். சரி என்று பட்ஜெட் தாளை நீட்டினேன். சட்டைப் பையிலிருந்து பேனா வந்தது. கேமரா வாடகை, ம்ம். ஆள் கூலி, ம்ம். மூன்றாவது வரியில் பேனா நின்றது.

"அதென்ன நெட்டுக்குத் தனியா காசு? வீட்டில்தான் வைஃபை இருக்கே தம்பி, நூறு எம்பி!"

இருக்கிறது. முகப்பில் இருக்கிறது. திருப்பூட்டு, அதாவது தாலி கட்டு, நடக்கப்போவது உள்ளே முற்றத்தைச் சுற்றிய வளவில். இடையில் அவருடைய ஐயா காலத்துச் சுண்ணாம்புச் சுவர், அதற்கு மேல் பர்மா தேக்கில் ஓர் ஆள் தள்ள முடியாத கதவு. வளவில் நின்று சோதித்தால் ஒரு எம்பி கூட ஏறவில்லை. 1080பி படம் தடங்கல் இல்லாமல் போக ஏறுகிற வேகம் (அப்லோட்) நொடிக்கு 6 மெகாபிட்டாவது நிலையாக வேண்டும், அப்படிப் போனால் மணிக்கு 2.7 ஜிபி காலி, தினம் 2 ஜிபி தருகிற ரீசார்ஜ் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது, மாப்பிள்ளை அழைப்பிலேயே தீர்ந்துவிடும் அண்ணே என்றேன். "அப்ப இன்னொரு சிம் போட்டுக்க" என்றார். அதைத்தானே அண்ணே அந்த வரியில் எழுதியிருக்கிறேன்! வேறு வேறு கம்பெனி சிம், அவற்றை ஒன்றாகச் சேர்த்து அனுப்புகிற பாண்டிங் பெட்டி, அதற்கு வாடகை. முகூர்த்த நேரத்தில் வந்தவர்கள் எல்லாரும் ஒரே டவரில் ஸ்டேட்டஸ் போடுவார்கள், அப்போது ஒற்றை சிம்மை நம்பி நிற்க முடியுமா?

கேட்டார். தலையாட்டினார். பிறகு அந்த வரியை அடித்தார்.

அடுத்து யுபிஎஸ். "ஜெனரேட்டர் இருக்குப்பா." கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கிறதுக்குள் என் பெட்டிகள் எல்லாம் அணைந்து மறுபடி எழுந்து வர வேண்டும், அதற்குள் தாலி ஏறிவிடும். அதுவும் அடி. இவ்வளவுக்கும் பக்கத்திலேயே மேடை அலங்காரக்காரர் பெங்களூரு பூவுக்கு ஒரு தொகை சொன்னார், மத்தியானமே வாடப்போகிற பூ, அதற்குப் பேனா வெளியே வரவே இல்லை.

கடைசியில் ஒரு குண்டு போட்டார். "உனக்குத்தான் யூடியூப்பில் காசு கொட்டுமே, அதில் கழிச்சுக்க." எங்கே கொட்டுகிறது? லிங்க் இருக்கிறவர் மட்டும் பார்க்கிற வீடியோ அது. பினாங்கு ஆச்சி பேத்திக்கு சூப்பர் சாட்டா, அதாவது லைவ் பார்த்துக்கொண்டே அனுப்புகிற காசா, போடப்போகிறார்? போட நினைத்தாலும் இந்த மாதிரி வீடியோவில் முடியாது. நாதஸ்வரக்காரர் ஒரு சினிமாப் பாட்டை எடுத்துவிட்டார் என்றால் காப்பிரைட் கிளெய்ம் வந்து நிற்கும், அதையும் நான்தான் சமாளிக்க வேண்டும்.

தாளைத் திருப்பித் தரும்போது அதில் மிச்சம் இருந்தது கேமராவும் நானும்தான். எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், பேரம் படிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

அதுகூடப் போகட்டும். லைவ் எடுக்கிறவனுக்கு ஏன் எப்போதும் கடைசிப் பந்தி? நான் இலையில் உட்காரும்போது மட்டும் ஏன் கவுனி அரிசி, அந்தக் கறுப்பரிசி இனிப்பு, தீர்ந்துபோகிறது? அடுத்த கொட்டேஷனில் முதல் வரியே அதுதான்: கவுனி அரிசி, ஒரு கரண்டி, முன்பணமாக.