இல்லாத காரில் மிச்சம் பிடிக்கும் கணக்கு

வெள்ளிக்கிழமை எங்கள் பாடசாலைப் பிரியாவிடை வைபவத்தில் பிரதம விருந்தினர் ஆற்றிய உரையின் சாரம் இதுதான்: ஆசிரியர்கள் மின்சாரக் கார் வாங்கினால் பெற்றோல் செலவு மிச்சம். மோட்டார் சைக்கிளில் போய் வெயிலில் காய்வது சிக்கனமன்று, கணக்குத் தெரியாமை என்று அவர் சொன்னதும் மண்டபம் கைதட்டியது. கணித ஆசிரியனான நான் முன்வரிசையில் இருந்தேன். மரியாதை கருதி அங்கே வாய் திறக்கவில்லை. கணக்கை இங்கே செய்து காட்டுகிறேன்.

வன்னியில் மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போய்வர ஏறத்தாழ 60 கிலோமீற்றர். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் காருக்கு 4 லீற்றர் வேண்டும். லீற்றரை 300 ரூபா என்று வைத்தால் 1,200 ரூபா. மின்சாரக் காருக்கு, மின்னேற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 10 அலகு மின்சாரம் போதும். அலகை 40 ரூபா என்று குறைத்தே பிடித்தால் 400 ரூபா. நாளுக்கு 800 ரூபா மிச்சம்! விருந்தினர் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

ஆனால் அந்தப் பெற்றோல் கார் யாரிடம் இருக்கிறது? எங்கள் ஆசிரியர்கள் 100 சிசி மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள், இல்லாவிட்டால் பேருந்தில் வருகிறார்கள். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு அதே பயணம் 360 ரூபா. அதாவது, எரிபொருளை மட்டும் பார்த்தாலும் மின்சாரக் கார்தான் செலவு கூடியது. எங்களிடம் இல்லாத காரோடு ஒப்பிட்டு எங்களுக்கு மிச்சம் காட்டுவது எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது?

மின்கட்டணம் அலகு கூடக் கூட விலையும் ஏறும் ஏணி. மாதம் 20 நாள் ஓடினால் காருக்கு மட்டும் 200 அலகு. மின்விசிறியும் தொலைக்காட்சியும் மட்டுமே ஓடும் வீடு ஒரே மாதத்தில் 180 அலகுக்கு மேற்பட்ட உச்சப்படியில் போய் நிற்கும். இரவு 10.30க்குப் பின் குறைந்த விலையில் ஏற்றலாமே என்பீர்கள். ஏற்றலாம்தான், நேரவாரிக் கட்டணத்துக்கு மாறினால். கூரையில் சூரியத் தகடு போடலாமே என்பீர்கள். அதற்கு இன்னொரு கடன்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டை மறந்துவிட்டீரா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது கடினம். எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். மேற்சொன்ன பயணத்தை வாரத்தில் 5 நாள் செய்ய 6 லீற்றர் தேவை. வரிசையில் காய்ந்தவர்களைக் கடந்து மின்சாரக் கார் போனது உண்மை. அதே ஆண்டு மார்ச் இறுதியில் 13 மணிநேரம் மின்சாரம் நின்றதும் உண்மை. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாம், நாடே இருண்டது.

எரிபொருள் சிக்கனத்தை எங்களுக்கு மேடை போட்டுக் கற்பிக்க வேண்டியதில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது என் தந்தையார் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உதைத்துக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிப் புதுக்குடியிருப்புக்கு வேலைக்குப் போனவர். வீட்டில் மின்சாரமே இல்லாத அந்த ஆண்டுகளில் சொட்டுக் கணக்குப் பார்த்தே வளர்ந்தவர்களிடம் வந்து, கணக்குத் தெரியாது என்பதா?

வாங்க வக்கில்லாத பொறாமை என்று சிலர் எழுதுவீர்கள். மார்கழி மழையில் நனைந்து வரும்போது கண்ணாடி ஏற்றிய கார் முந்திப் போனால் எனக்கும் ஆசை வரும். வசதிக்காக வாங்குங்கள், நான் எதிர்க்கவில்லை. வவுனியாவில் வாடகைக் கார் ஓட்டி, கூரைத் தகடும் வைத்திருப்பவருக்கு உண்மையாகவே லாபம் வரலாம். பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் மலிவு என்பவர்கள், வெப்பத்தில் தேயும் அதன் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை என்பதையும் வன்னிச் சித்திரை வெயிலையும் சேர்த்து யோசிக்கட்டும்.

நேற்று எங்கள் இளம் ஆசிரியர் ஒருவர் மின்சாரக் காருக்கான லீசிங் பத்திரத்துடன் பிணைக் கையெழுத்துக்கு வந்தார். மாதத் தவணை அவருடைய சம்பளத்தைவிடக் கூட. "சேர், பெற்றோல் மிச்சம் வரும்தானே" என்றார். நான் கையெழுத்திடவில்லை. அவர் இப்போது என்னுடன் பேசுவதில்லை. பிரதம விருந்தினர் கொழும்புக்குத் திரும்பிவிட்டார்.