அசோலாவின் 25 சதவீதம் காய்ந்த கணக்கு

மேலே ஒரு அண்ணன், தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பெரணிச் செடியான அசோலாவைப் பற்றி, "அசோலாவில் 25 சதவீதம் புரதம், முட்டைக்கோழிக்கு அதுவே போதும், தீவன மூட்டையை நிறுத்திவிடலாம்" என்று எழுதியிருக்கிறார். அந்த 25 பொய்யில்லை. ஆனால் அது காயவைத்த அசோலாவின் கணக்கு. தொட்டியில் அள்ளுவதில் நூற்றுக்கு 93, 94 பங்கு தண்ணீர்தான்.

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டிலேயே ஒரு கிலோவை அலசி, நீர் வடித்து, சாக்கில் பரப்பிக் காயப்போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் தராசில் 70 கிராம்கூட இல்லை. ஒரு கைப்பிடிச் சருகு. அதில் புரதம் 15 கிராம் வந்தால் பெரிது. தினமும் முட்டையிடும் பண்ணைக் கோழி சுமார் 110 கிராம் தீவனம் தின்னும், அதில் 18 கிராம் அளவுக்குப் புரதம் வேண்டும். அப்படியானால் ஒரு கோழி ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் பச்சை அசோலா தின்ன வேண்டும். கோழியின் எடையே ஒன்றரை கிலோதானே!

புரதம் மட்டுமா? ஒரு முட்டையின் ஓட்டுக்கே 2 கிராம் கால்சியம் போகிறது. மாவுச்சத்துக்கு மக்காச்சோளமோ கம்போ வேண்டும். (எங்கள் பக்கம் கப்பக்கிழங்கும், அதாவது மரவள்ளியும் போடுவார்கள். பச்சையாகப் போடாதீர்கள், சயனைடு இருக்கிறது. சீவி வெயிலில் நன்றாகக் காயட்டும்.)

மஞ்சள் கரு நல்ல நிறமாக வரும் என்று அவர் சொன்னது சரி. அதற்காகவே நானும் வழக்கமான தீவனத்தோடு கோழிக்கு ஒரு கைப்பிடி போடுகிறேன். அப்புறம், சாணி கரைத்த தொட்டியில் வளர்த்த அசோலா என்றால் மூன்று முறையாவது அலசுங்கள், இல்லாவிட்டால் அந்த வாடைக்கே கோழி கிட்ட வராது.