ஆர்டிபி ஃபைலை அழித்தால் பாஸ்வேர்டு போகாது

தூரத்தில் இருக்கும் இன்னொரு கணினியை இங்கிருந்தே இயக்க உதவும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்புக்காகச் சேமித்த ஆர்டிபி (.rdp) ஃபைலை அழித்தால் பாஸ்வேர்டும் சேர்ந்து அழிந்துவிடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லைங்க. அந்த ஃபைலில் இருப்பது இணைக்க வேண்டிய கணினியின் முகவரி, திரை அளவு போன்ற அமைப்புகள்தான். நினைவில் வைக்கச் சொல்லி டிக் செய்த பாஸ்வேர்டை விண்டோஸ் தனியாக, பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் குறியாக்கம் செய்து வைக்கிறது.

சந்தேகம் இருந்தால் ஃபைலை அழித்துவிட்டு, கண்ட்ரோல் பேனல் வழியாக கிரெடென்ஷியல் மேனேஜருக்குப் போய் 'விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்' பகுதியைப் பாருங்கள். டெர்ம்எஸ்ஆர்வி (TERMSRV) என்று தொடங்கி, சாய்கோட்டுக்குப் (/) பின்னால் அந்தக் கணினியின் பெயரோடு ஒரு பதிவு அப்படியே இருக்கும். (பாஸ்வேர்டு அங்கே புள்ளிகளாகத்தான் தெரியும், பயம் வேண்டாம்.) அதைத் திறந்து 'ரிமூவ்' கொடுத்தால்தான் போகும். அப்புறம் மறுபடி இணைத்துப் பாருங்கள், பாஸ்வேர்டு கேட்கும்.